வேறு வாசலில் உடைந்த மாதுளை

என் கணவருக்குக் கற்பனை கிடையாது. நான் குறையாகச் சொல்லவில்லை. அவரே மார்தட்டிச் சொல்லிக்கொள்வதுதான். கண்ணெதிரே இல்லாத ஒரு திராட்சைக் காம்பைக்கூட அர்கிரிஸ் வரைய மாட்டார். வட கிரேக்கத்துக் கவாலா துறைமுகத்தில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றின் மாடியில் அறை பிடித்து, கல்யாணமான காலத்திலிருந்து பழங்களை மட்டுமே வரைந்துகொண்டிருப்பவர். ஊரில் அவரை ஓவியர் என்று யாரும் சொல்வதில்லை, பழக்காரர் என்றுதான் பேர்.

டாக்டர் ஒருவர் அத்திப்பழக் கூடை வரைந்து தரச் சொன்னார். படம் போனது. ஒரு பழத்தின் மேல் குளவி உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு அறையில் மாட்ட வேண்டிய படம், குளவியை மட்டும் எடுத்துவிடக் கூடாதா என்று டாக்டர் கெஞ்சினார். “அது தானா வந்து உட்கார்ந்துச்சு டாக்டர். நான் கூப்பிடல. இப்ப நான் எப்படிப் போகச் சொல்றது?” என்றார் இவர். கப்பல் ஏஜெண்டின் மனைவி, தட்டில் இன்னும் ஒரு ஆப்பிள் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றாள். அது மே மாதம். ஆப்பிள் காய்க்கட்டும், சேர்க்கிறேன் என்று படத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கே நடந்தது. ஒரு கோடையில் எங்கள் சமையலறை மேசையில் பீச் பழங்களைப் பரப்பி, பக்கத்தில் என் செம்புப் பானையை வைத்து வரைந்தார். தெசலோனிக்கி கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் மட்டும் கூட்டம். என்னதான் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், பளபளவென்று இருக்கிற பானையின் வயிற்றில், உள்பாவாடையோடு, கையில் துடைப்பத்தோடு நான் நிற்கிறேன். வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவர் அசையவில்லை. “நீ அங்க நின்ன எவாந்தியா. நின்னதைத்தான் வரைஞ்சேன்.”

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். மற்ற ஆண்களைப் போல இவர் வாயும் சமயத்தில் பொய் சொல்லும். கை சொல்லாது.

ஜனவரி கடைசியில் ஒரு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிடங்கில் ஈரம், சாயம் காய மாட்டேன் என்கிறது, கொஞ்ச நாள் கூடத்தில் இருக்கட்டும் என்றார். இருக்கட்டும். ஆனால் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். எந்தப் படத்தையும் முகம் தெரிய வைத்து, சூப் குடித்துக்கொண்டே அதை ரசிக்கிற மனிதர் அவர். எனக்கு அங்கேயே மூக்கு வேர்த்துவிட்டது. அவர் கிளம்பிப் போனதும் தூசி தட்டுகிற சாக்கில் திருப்பிப் பார்த்தேன்.

மேசை இல்லை. ஒரு வீட்டு வாசல்படி. வெள்ளைப் பளிங்குக் கல், நடுவில் தேய்ந்து குழிந்தது, வலது ஓரத்தில் ஒரு விரிசல். படிக்குப் பக்கத்தில், செருப்புச் சேற்றை வழித்துவிடக் கல்லில் பதித்த இரும்புத் தகடு. பின்னால் பச்சைக் கதவின் அடிப்பாகம் ஒரு சாண் உயரத்துக்குத் தெரிகிறது. படியின் மேல் ஒரு தட்டில் பேரிக்காய்கள், எடுத்துக் கடிக்கலாம் போல. தட்டுக்கு முன்னால் உடைந்த மாதுளை, ஓட்டுத் துண்டுகளும் சிதறின முத்துக்களுமாக. அவர் வரைந்ததிலேயே அழகான படம் அதுதான். என் கண் மட்டும் அந்த மாதுளையை விட்டு நகரவில்லை.

புத்தாண்டுக் காலையில் தேவாலயத்துக்குப் போய்வந்ததும் வீட்டுக்காரன் மாதுளையை வாசல்படியில் ஓங்கி அடிப்பான். முத்து எவ்வளவு தூரம் சிதறுகிறதோ அந்த வருடம் அவ்வளவு நிறைவு. அதை அந்த வீட்டுக்கு உரிய ஆண்தான் உடைப்பான். ஆண் இல்லாத வீட்டில் பெண்ணே உடைப்பாள். அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அப்படி ஒருவன் வந்து உடைத்தால், அந்த வீட்டுக்கு அவன் என்ன உறவு என்று தெருவே கேட்கும்.

எங்கள் வாசலில் அர்கிரிஸ்தான் உடைத்தார். எங்கள் படி சிவப்புச் சிமெண்ட். உடைத்த கையோடு, ஞானத்தகப்பனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவர், சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் வந்தார். அப்படியானால் இந்தப் பளிங்குப் படியில் உடைத்தது யார்? முத்துக்களை உற்றுப் பார்த்தேன். இடது பக்கம் உள்ளவை ரத்தமாக மின்னுகின்றன. வலது பக்கம் உள்ளவை வாடிச் சுருங்கியிருக்கின்றன. ஒரே நாளில் வரைந்ததல்ல. போய்ப் போய் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன்.

“இது எந்த வாசல்?”

“எது?”

“படத்துல இருக்கிறது.”

அவர் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் தோய்த்தார். தோய்த்ததை எடுக்கவே இல்லை. “எந்த வாசலும் இல்ல. சும்மா, கற்பனை.”

“உங்களுக்கு எப்பலேருந்து கற்பனை வந்துச்சு?”

“வயசானா வரும்.”

ஒரு பெண்ணின் பேரைச் சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ரொட்டி சூப்பில் கரைந்தே போனது.

நான் எதற்குப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண், மெல்போ. இவருடைய உயிர்ச் சிநேகிதரின் மகனுக்கு அவளை நிச்சயம் செய்து, ஊர் முழுக்கச் சொன்ன பிறகு, கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு கப்பல் சமையல்காரனோடு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அர்கிரிஸ் மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார். இனி அவள் இந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது, அவள் பேச்சை எடுக்கிறவர் யாராக இருந்தாலும் அவரும் தனக்கு ஆகாதவர் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ அவ பக்கமா, என் பக்கமா?” என்று கேட்டார். நான் அவர் பக்கம் நின்றேன். எட்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். பெற்ற வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டு, கட்டினவரின் வார்த்தை பெரிது என்று இருக்கிறேன். அந்த மனிதருக்கு இன்னொரு வாசல் இருக்கிறதென்றால், என் பெண்ணை நான் எதற்காகப் பறிகொடுத்தேன்? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். அங்கே இருக்கிறவள் சிவப்பா கறுப்பா என்பதுகூட எனக்கு அக்கறையில்லை.

கல்லிரோயியைக் கூப்பிட்டேன். எங்கள் தெரு முனையில் பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறவள். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை, ஆனால் சொன்னது வெளியே போகாது.

“அடியே எவா, உன் புருஷனையா சந்தேகப்படுற? அந்த டர்பண்டைன் நாத்தத்துக்கு ஈகூடக் கிட்ட வராது. அவரை எவ சேர்த்துக்குவா?”

“நான் சேர்த்துக்கல?”

“உனக்கு அப்ப வேற ஆள் வரல.”

“வாய மூடிட்டுப் படத்தைப் பாரு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். மாதுளையைப் பார்க்கவில்லை, இரும்புத் தகட்டைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“இது எங்க ஊருடி. க்ஸாந்தி. மேட்டுத் தெருவுல பழைய புகையிலை வியாபாரிங்க வீட்டு வாசல்ல எல்லாம் இந்தத் தகடு இருக்கும். ரெண்டு முனையும் இப்படிச் சுருண்டு, ஆட்டுக் கொம்பு மாதிரி. சின்னப் பிள்ளையில எத்தனை தடவை இதுல தடுக்கி விழுந்திருக்கேன்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஆமா, அவர் சனிக்கிழமை சனிக்கிழமை எங்க போறாரு?”

“க்ஸாந்தி சந்தைக்கு. பழம் வாங்க.”

“எப்பலேருந்து?”

“திராட்சை அறுப்புக் காலத்துலேருந்து.”

“ஏன், கவாலாவுல பழம் விக்கிறதை நிறுத்திட்டாங்களா?”

“அங்கதான் காம்போட, இலையோட கிடைக்குதுன்னாரு.”

“இலையோட என்ன, மரத்தோடயே கிடைச்சிருக்கு போல,” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும், பாவம், காபி போட எழுந்து போனாள்.

சந்தேகம் வந்துவிட்டால் வீட்டிலிருக்கிற சாமானெல்லாம் வாய் திறந்து பேச ஆரம்பித்துவிடும். அவருடைய குளிர்காலக் கோட்டில் இரண்டாவது பொத்தான் நீல நூலில் தைத்திருந்தது. என்னிடம் நீல நூலே கிடையாது. காரின் பின் இருக்கையில் ரொட்டித் துணுக்குகள். அவர் காரில் யாரையும் சாப்பிட விட மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே பழம். சந்தையில் நூறு பேரிக்காயைத் தடவிப் பார்த்து ஒன்றை எடுக்கிறவர், கொஞ்ச நாளாக அடிபட்ட பழங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். கண் மங்குகிறதோ என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன், முட்டாள். நல்ல பழமெல்லாம் வேறு வீட்டில் இறங்கிவிட்டு, நசுங்கினது எனக்கு வந்திருக்கிறது. அதைச் சர்க்கரை போட்டு ஜாம் காய்ச்சி அவருக்கே பரிமாறியிருக்கிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கூடைகளைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். “என்ன வேணும் உனக்கு?” என்று வழக்கம் போலக் கேட்டார். “நல்ல பழமா ரெண்டு,” என்றேன். கார் முனை திரும்பியதும் கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கல்லிரோயி கடையை மூடிவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம், அடிக்கிற ஆள் நான் ஒருத்தியே போதும் என்றேன்.

க்ஸாந்தியில் சந்தைக்குக் கீழே அவருடைய கார் நின்றது. சந்தைக்குள் நான் போகவில்லை. நேராக மேட்டுத் தெருவுக்கு ஏறினேன். உருளைக்கல் பாவின தெரு, இரண்டு பக்கமும் பெரிய வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் பளிங்குப் படி, ஒவ்வொரு படியிலும் அந்த ஆட்டுக்கொம்புத் தகடு. தலையைக் குனிந்துகொண்டு படி படியாகப் பார்த்துக்கொண்டே போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா தேடுறீங்க?”

“தோடு. தோடு விழுந்துடுச்சு.”

“அடடா! எப்ப விழுந்துச்சு?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “புத்தாண்டுக்கு.”

“புத்தாண்டுக்கு விழுந்ததை இப்பவா தேடுறீங்க? தங்கமா?” அவள் துணியைப் போட்டுவிட்டு வந்தாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது, இன்னொருத்தி இறங்கினாள். பிறகு துடைப்பத்தோடு ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருப் பெண்களெல்லாம் குனிந்து கல் இடுக்கில் என் தோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். துடைப்பக்காரிதான் முதலில் நிமிர்ந்தாள்.

“ரெண்டு காதுலயும் தோடு இருக்கே உங்களுக்கு?”

“இது வேற ஜோடி,” என்று சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குள் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் கூடிப் பேசுவது கேட்டது. பேசட்டும்.

அந்தச் சந்தின் கடைசியில் பச்சைக் கதவு.

படியைப் பார்த்தேன். நடுவில் குழிவு, வலது ஓரத்தில் விரிசல், தகடு. எல்லாம் அவர் வரைந்தபடியே இருந்தன. பளிங்கில் மாதுளைச் சாறு ஊறினால் லேசில் போகாது. யாரோ தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு அப்படியே நின்றிருந்தது. அதுவரைக்கும் என் மனதின் ஒரு மூலையில், ஒருவேளை கிழவருக்கு நிஜமாகவே கற்பனை வந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது போலிருக்கிறது. அது போனது எனக்கே தெரிந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தரையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து வால்நட் ஓடுகளைப் படகு மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரு வேணும்?”

“இது யார் வீடு?”

“எங்க வீடு.”

“உங்க வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?”

“அம்மாவும் நானும்.”

“அப்ப இங்க மாதுளம்பழம் யாரு உடைச்சது?”

“தாத்தா.”

தாத்தாவாம்! அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கைகாரி. ஊர் வாயை அடைக்க நல்ல வழி.

“தாத்தா இங்கயே இருப்பாரா?”

“சனிக்கிழமை வருவாரு. பழம் கொண்டு வருவாரு. ஆனா தொடக் கூடாது. வரைஞ்சு முடிச்சப்புறம்தான் குடுப்பாரு. அதுக்குள்ள அழுகிடும்.” அவள் மூக்கைச் சுருக்கினாள். “எனக்கு அழுகினது பிடிக்காது.”

எனக்கும்தான் பிடிக்காது என்று சொல்ல நினைத்தேன். பதிலாக, “உன் பேரு என்ன?” என்று கேட்டேன்.

“எவாந்தியா.”

தலையில் ரத்தம் ஏறியது. என் பேரை வேறு வைத்திருக்கிறார்களா, படுபாவிகள்! எதையும் மிச்சம் வைக்க மாட்டார்களா? கதவை ஒரு தள்ளுத் தள்ளினேன். தள்ளின கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் குழந்தைக்குப் பேர் தேடி யாரும் அலைவதில்லை. அப்பனைப் பெற்றவள் பேர் வைப்பார்கள், இல்லாவிட்டால் அம்மாவைப் பெற்றவள் பேர். அர்கிரிஸைப் பெற்றவள் பேர் வாசிலிக்கி. எவாந்தியா என்று பேர் வைக்க இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் முகாந்திரம் உண்டு.

“யாரு வாசல்ல?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலை நான் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எட்டு வருடமாக.

மெல்போ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நான் ஓடிக் கட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் முதலில் செய்தது, குழந்தையை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டதுதான்.

“சண்டை போட வந்தியாம்மா? குழந்தை முன்னால வேண்டாம்.”

“நான் எதுக்குடி உன்கிட்ட சண்டை போடணும்?”

“அப்பா சொன்னாரு. என் பேரை எடுத்தாலே வீட்டை விட்டுப் போயிடுவேன்னு சொன்னியாமே. இவ பிறந்தப்ப நான் போன் பண்ணேன். அப்பாதான் எடுத்தாரு. உங்கம்மா பேச மாட்டேங்கிறா, இன்னொரு தடவை பண்ணாதேன்னாரு. அப்புறம் இவ அப்பா செத்தப்ப பண்ணேன். அப்பவும் நீ வரலைன்னாரு. நீ மனசு இறங்கலையாம். அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாராம்.”

“எப்படிச் செத்தான்?”

“நெஞ்சு வலி. போன கோடையில. அதுக்கப்புறம்தான் அப்பா எங்களை ஜெர்மனிலேருந்து இங்க வரவழைச்சாரு.” அவள் குழந்தையின் தலையைத் தடவினாள். “உனக்குத் தெரியும்னு நினைச்சேன்மா. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்கலைன்னு நினைச்சேன்.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், அந்தக் கறையின் மேலேயே.

வேறொருத்தி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! முடியைப் பிடித்து நாலு இழு இழுத்துவிட்டு, தெரு கூடுகிற மாதிரி அழுதுவிட்டு, பேருந்து ஏறியிருப்பேன். இதற்கு யார் முடியைப் பிடிப்பது? சத்தியம் செய்தவர் இறங்கி வந்தால் ஊர் சிரிக்கும். பெண்ணை விடவும் மனசில்லை. ஆக, தன் கோபத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு அவர் நல்லவராகிவிட்டார். வீட்டில் வார்த்தை தவறாத அப்பா, இங்கே கெஞ்சிக் களைத்த அப்பா. நான் யார்? பேரக்குழந்தை பிறந்ததுக்கும் வராத, மருமகன் செத்ததுக்கும் வராத கல்நெஞ்சுக்காரி. அந்தக் கல்நெஞ்சுக்காரியின் பேரைத்தான் இந்தப் பெண் தன் குழந்தைக்கு வைத்திருக்கிறாள்.

“மெல்போ, எனக்கு எதுவும் தெரியாது,” என்றேன். “நீ வந்தது தெரியாது. இவ பிறந்தது தெரியாது. யாரும் என்கிட்ட எதையும் கேட்கல. மாதா மேல ஆணை.”

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பத் துடிக்கிற முகம்தான், ஆனால் இத்தனை மாதமாக வாரா வாரம் வந்து, பழம் கொடுத்து, கோட்டுப் பொத்தான் தைக்கக் கொடுத்து, பேத்தியைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற அப்பா ஒரு பக்கம். திடுதிப்பென்று வாசலில் வந்து நிற்கிற நான் ஒரு பக்கம். அவளுமே சந்தேகத்தோடுதான் என்னைப் பார்த்தாள். “உள்ள வா, படி சில்லுனு இருக்கும்,” என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே ஜன்னலோரம் ஒரு மேசை. அதன் மேல் அடுத்த படத்துக்கான பழங்கள். வெள்ளைத் துணி விரித்து, இலையோடு கூடிய ஆரஞ்சுகள், பேரிக்காய்கள், ஒரு கொத்து உலர்ந்த திராட்சை. துணி நகராமல் ஓரங்களில் குண்டூசி குத்தியிருந்தார். ஒவ்வொரு பழத்தின் அடியிலும் பென்சிலால் சின்ன வட்டம். எதிரே சட்டத்தில் பாதி வரைந்த படம். அவருடைய நாற்காலி, அவருடைய பழைய செருப்பு, எல்லாம் வீடு மாதிரியே. நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெரிய ஆரஞ்சை எடுத்தேன்.

“அம்மா, தொடாதே! ஈஸ்டர் கண்காட்சிக்கு வரையிறாரு. அரை விரல் நகர்ந்தாக்கூட அவருக்குத் தெரிஞ்சிடும்.”

“தெரியட்டும்.”

கட்டைவிரலை உள்ளே விட்டு உரித்தேன். வாசனை அறை முழுக்க அடித்தது. குட்டி எவாந்தியா கதவோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஏதோ தேவாலயத்தில் திருடுவதைப் பார்க்கிற மாதிரி.

“வா. இன்னும் அழுகல, நல்லா இருக்கு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். குழந்தை வந்து ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டது. பிறகு இன்னொன்று. பிறகு என் முழங்காலில் கையூன்றி நின்றுகொண்டது. அடுத்ததை உரித்தேன். சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மெல்போவிடம் நீட்டினேன். நார் இருந்தால் அவள் சிறு வயதிலும் தின்ன மாட்டாள். அவள் அந்தச் சுளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள். பேரிக்காயை நாலாக நறுக்கினேன். சாறு வெள்ளைத் துணியெல்லாம் ஒழுகியது. மேசையில் பென்சில் வட்டங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின.

வெளியே கூடைகள் படியில் இடிக்கிற சத்தம் கேட்டது. அர்கிரிஸ் உள்ளே வந்தார், இரண்டு கையிலும் கூடை. அவர் கண் முதலில் போனது மேசைக்கு.

“இலையோட இருந்த ஆரஞ்சு எங்க?” என்றார்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“தின்னாச்சு,” என்றேன். “வா அர்கிரிஸ். கூடையைக் கீழ வை. உன் பொண்ணைப் பத்தி நான் உன்கிட்ட என்ன சொன்னேன்னு இப்ப என் முன்னால சொல்லு.”

அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை. மெல்போவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், துணியிலிருந்த குண்டூசிகளைப் பார்த்தார். வெளியே போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

“எவாந்தியா, நான் நேரம் பார்த்துச் சொல்லலாம்னுதான்...”

“என்கிட்ட இல்ல. அவகிட்ட சொல்லு.”

“உங்கம்மா எதுவும் சொல்லல,” என்றார், தரையைப் பார்த்து.

“அவளுக்குக் கேட்கல.”

“உங்கம்மா எதுவும் சொல்லல மெல்போ. அவகிட்ட நான் கேட்கவே இல்ல. எல்லாம் நான் சொன்னது.”

மெல்போ கையிலிருந்த சுளையை மேசையில் வைத்தாள். வந்து என் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், உடம்பெல்லாம் குலுங்க. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவர் பார்க்க அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையால் கைப்பையிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து அவருடைய கூடையில், புதுப் பழங்களுக்கு மேல் போட்டேன்.

“நீ கிளம்பு. நான் எப்ப வருவேன்னு தெரியாது. அடுப்புல பீன்ஸ் சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோ.”